மாடர்ன் ஆர்ட்: முதல்முறை ஆட உட்காருபவர்களுக்கு

'மாடர்ன் ஆர்ட்' என்ற மேசை விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு கட்சியாகத்தான் பிரிவார்கள். "இதைவிட நல்ல ஏல ஆட்டம் கிடையாது" என்பது ஒரு கட்சி. "எல்லாரும் வாய்க்கு வந்த விலை கேட்டார்கள், யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்றே விளங்கவில்லை" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்களைக் கொஞ்சம் விசாரித்தால், முதல் சுற்றிலேயே கைக்காசை எல்லாம் படம் வாங்குவதில் கொட்டியிருப்பார்கள். பெட்டியைப் பார்த்தால் ஓவியம் சேகரிக்கும் ஆட்டம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இது ஓவியம் விற்கும் ஆட்டம். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி உட்கார வைத்தால் முதல் ஆட்டமே பிடித்துப்போகும்.

இதை உருவாக்கியவர் ரைனர் க்னீட்ஸியா. ஜெர்மானியர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், முழுநேர ஆட்ட வடிவமைப்பாளர் ஆவதற்கு முன் வங்கித் துறையில் இருந்தவர். ஆட்டத்தை ஆடினால் அந்த இரண்டு பின்னணியும் தெரியும். ஜெர்மனியின் ஹான்ஸ் இம் க்ளூக் நிறுவனம் 1992-இல் வெளியிட்டது. 1993-இல் டாய்ச்சர் ஷ்பீலே ப்ரைஸ் என்ற ஜெர்மன் ஆட்ட விருது கிடைத்தது. அதன்பின் பல நாடுகளில் பல பதிப்புகள். பழைய பதிப்புகளில் லைட் மெட்டல், யோக்கோ, க்ரிப்டோ என்று கற்பனை ஓவியர்கள். 2017 பதிப்பில் நிஜ ஓவியர்களின் நிஜப் படைப்புகளையே சீட்டில் அச்சிட்டார்கள். கீழே வரும் உதாரணங்களில் அந்த 2017 பதிப்பின் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் வேறு பதிப்பு இருந்தாலும் விதி ஒன்றுதான்.

முதல் படி: ஆள் சேர்ப்பது

மூன்று முதல் ஐந்து பேர். நாலு பேர் இருந்தால் உத்தமம். மூன்று பேர் என்றால் ஆளுக்கு மொத்தம் 22 சீட்டு வரும், ஒரே ஆள் ஓர் ஓவியரைத் தூக்கி நிறுத்திவிட முடியும். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 14 சீட்டுதான், கலகலப்பு கூடும், கட்டுப்பாடு குறையும். இருவருக்கு இந்த ஆட்டம் கிடையாது. இருவருக்கென்று யாராவது சொந்தமாக விதி ஒட்டவைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஏலத்தில் மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் விலையே பிறக்காது.

சீட்டில் படிக்க வேண்டியது ஓவியர் பெயரும் ஒரு குறியும் மட்டும்தான். அதனால் ஆங்கிலம் வாசிக்காத பெரியவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் ஏலச்சீட்டு கட்டிப் பழகியவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தன் தேவையை முகத்தில் காட்டாமல் ஏலம் கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல.

இரண்டாம் படி: சீட்டும் காசும்

கட்டில் 70 சீட்டு, ஐந்து ஓவியர்கள். மனுவேல் கர்வால்யோவுக்கு 12, சீக்ரிட் தாலருக்கு 13, டேனியல் மெலிமுக்கு 14, ரமோன் மார்டின்ஸுக்கு 15, ரஃபாயேல் சில்வெய்ராவுக்கு 16. இந்த வரிசையை நினைவில் வையுங்கள், சமநிலை வரும்போது தேவைப்படும்.

நாலு சுற்று ஆட்டம். நாலு பேர் ஆடினால் முதல் சுற்றுக்கு ஆளுக்கு 9 சீட்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 4, 4. மூன்று பேருக்கு 10, 6, 6. ஐந்து பேருக்கு 8, 3, 3. நாலாம் சுற்றுக்குச் சீட்டே கிடையாது, கையில் மிஞ்சியதை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆடாத சீட்டு அடுத்த சுற்றுக்கும் கையிலேயே இருக்கும். புதிதாக ஆடுபவர்கள் இதைக் காதில் வாங்குவதே இல்லை. "சீட்டு திரும்ப வராது, சிக்கனமாக விடுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

காசு ஆளுக்கு 100. ஆட்டத்தில் இதை ஆயிரக் கணக்காகச் சொல்வார்கள், பேச்சு வழக்கில் வெறும் நூறு என்றே சொல்லலாம். எல்லாரும் காசைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய படங்கள் மட்டும் எல்லார் கண்ணிலும் படும்படி முன்னால் கிடக்கும்.

மூன்றாம் படி: ஐந்து வகை ஏலம்

உங்கள் முறை வரும்போது கையிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஏலம் விடுகிறீர்கள். எந்த வகை ஏலம் என்பதைச் சீட்டில் உள்ள குறி சொல்லும். அடுத்தவர் வாங்கினால் காசு உங்களுக்கு. நீங்களே வாங்கினால் காசு வங்கிக்கு.

திறந்த ஏலம்தான் எளிது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூவலாம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி முடிப்பது ஏலம் விடுபவர் பொறுப்பு. ஒரு வலம் என்றால் இடப்பக்கத்தவரில் தொடங்கி ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு, முந்தைய விலைக்கு மேல் கேட்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும், ஏலம் விடுபவருக்குக் கடைசி வாய்ப்பு. மூடிய ஏலத்தில் ஏலம் விடுபவர் உட்பட எல்லாரும் காசைக் கைக்குள் மறைத்து நீட்டி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதிகம் வைத்தவருக்குப் படம். சமமாக வந்தால் ஏலம் விட்டவருக்கு முன்னுரிமை, அவர் அதில் இல்லை என்றால் கடிகாரச் சுற்றில் அவருக்கு நெருக்கமாக இருப்பவருக்கு.

நிலையான விலை வகையில் விற்பவர் விலையைச் சொல்லிவிடுவார், இடமிருந்து வரிசையாக வேண்டுமா வேண்டாமா என்று சொல்லலாம். ஒருவரும் எடுக்காவிட்டால் அந்த விலைக்கு அவரே வாங்கியாக வேண்டும். இதனால் பேராசைக்காரர்களுக்கு அங்கேயே மருந்து கிடைத்துவிடும். கையில் இருக்கும் காசுக்கு மேல் விலை சொல்லவும் முடியாது.

ஐந்தாவது, இரட்டைச் சீட்டு. அதனுடன் அதே ஓவியரின் இன்னொரு படத்தைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக விற்கலாம், இரண்டாவது சீட்டின் குறிப்படி ஏலம் நடக்கும். இரண்டாவதும் இரட்டையாக இருக்கக் கூடாது. உங்களிடம் சேர்க்க ஒன்றும் இல்லை, அல்லது சேர்க்க மனமில்லை என்றால் இடப்பக்கத்தவர்கள் வரிசையாகச் சேர்க்கலாம். சேர்த்தவரே ஏலக்காரர், முழுக் காசும் அவருக்கே போகும், அடுத்த முறையும் அவருக்கு இடப்பக்கத்தில் இருந்துதான் தொடரும். யாருமே சேர்க்காவிட்டால் படம் உங்களுக்கு இலவசம்.

சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். திறந்த ஏலத்தை மட்டும் விளக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள், மற்றவற்றை அந்தந்தச் சீட்டு விழும்போது சொன்னால் போதும். இரட்டைச் சீட்டு விழும்போது மட்டும் ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

நாலாம் படி: படத்துக்கு எப்படி விலை வருகிறது

ஏதோ ஓர் ஓவியரின் ஐந்தாவது படம் விழுந்தவுடன் சுற்று முடிந்தது. அந்த ஐந்தாவது படத்துக்கு ஏலம் கிடையாது, ஆனால் எண்ணிக்கையில் சேரும். இரட்டையாகப் போட்டு இரண்டாவது சீட்டு ஐந்தாவதாக அமைந்தால் இரண்டுமே ஏலத்துக்கு வராது. அதிகப் படம் விழுந்த ஓவியருக்கு 30, அடுத்தவருக்கு 20, மூன்றாமவருக்கு 10. மற்ற இருவரின் படங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு காசும் கிடைக்காது. எண்ணிக்கை சமமானால், கட்டில் குறைவான சீட்டு உள்ள ஓவியருக்கு மேலிடம். அதாவது கர்வால்யோவும் மெலிமும் ஆளுக்கு ஒன்று என்றால் கர்வால்யோதான். பிறகு எல்லாரும் தங்கள் படங்களை வங்கிக்கு விற்றுவிட வேண்டும், அடுத்த சுற்றுக்கு எதையும் எடுத்துப்போக முடியாது.

அந்த 30, 20, 10 பலகையிலேயே நிற்கும். அடுத்த சுற்றில் அதே ஓவியர் மறுபடி முதல் மூவருக்குள் வந்தால் பழையதும் புதியதும் சேர்த்துக் கொடுப்பார்கள். முதல் சுற்றில் சில்வெய்ரா 30, இரண்டாம் சுற்றில் அவர் மூன்றாம் இடம் என்றால் படம் ஒன்றுக்கு 40. மூவருக்குள் வராவிட்டால் அந்தச் சுற்றில் சுழி. பழைய 30 எங்கும் போய்விடாது, மூன்றாம் சுற்றில் அவர் திரும்ப மேலே வந்தால் அதுவும் உயிர்த்தெழும். நாலு சுற்றிலும் முதலிடம் பிடிக்கும் ஓவியரின் படம் கடைசியில் 120.

ஐந்தாம் படி: எவ்வளவு கேட்பது

முதல்முறை ஆடுபவர்கள் "30 வரப்போகிற படத்தை 27-க்கு வாங்கினால் 3 லாபம்தானே" என்று யோசிக்கிறார்கள். லாபம்தான், ஆனால் யாருக்கு? அந்த 27-ஐ விற்றவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் 3 ஏறினீர்கள், அவர் 27 ஏறினார். ஜெயிப்பது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் ஏலத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். நீங்கள், அக்கா, மச்சான், சித்தப்பா, நாலு பேர். முதல் சுற்று. மேசையில் சில்வெய்ரா மூன்று, மார்டின்ஸ் இரண்டு, மெலிமும் கர்வால்யோவும் ஆளுக்கு ஒன்று. உங்கள் முறை. சில்வெய்ராவின் நாலாவது படத்தைத் திறந்த ஏலத்துக்குப் போடுகிறீர்கள். இது 30 போகும் என்று எல்லாருக்குமே தெரியும். அக்கா 10, சித்தப்பா 14, மச்சான் 18. மேலே யாரும் போகவில்லை. மூணு தரம் சொல்லி மச்சானுக்கு விடுவதா, 19 சொல்லி நீங்களே எடுத்துக்கொள்வதா?

விற்றால் உங்களுக்கு 18, மச்சானுக்கு 12, மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. நீங்களே எடுத்தால் உங்களுக்கு 11, மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. மச்சானை மட்டும் பார்த்தால் எடுப்பது நல்லது, அவரைவிட 11 முன்னால் இருப்பீர்கள், விற்றால் 6-தான். ஆனால் விற்றால் அக்காவையும் சித்தப்பாவையும்விட 18 முன்னால் போய்விடுவீர்கள். மொத்தத்தில் விற்பதே லாபம். ஏலம் 10-லேயே நின்றிருந்தால் கதை வேறு, கண்ணை மூடிக்கொண்டு 11 கொடுத்து எடுக்க வேண்டும். நாலு பேர் ஆட்டத்தில் இந்த எல்லைக்கோடு 30-க்கு 17 வாக்கில் விழுகிறது. அதாவது உண்மை மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதற்குக் கீழே நின்றால் நீங்களே எடுங்கள், மேலே போனால் விற்றுவிடுங்கள்.

வாங்குபவருக்கும் அதே பாதிதான் அளவுகோல். பாதி விலைக்கு வாங்கினால் விற்றவரும் நீங்களும் சமமாக ஏறுகிறீர்கள், மற்றவர்கள் அப்படியே நிற்கிறார்கள். பாதியைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு காசும் விற்றவரை உங்களுக்கு மேலே தூக்குகிறது. சில நேரம் தாண்டித்தான் ஆக வேண்டும், விட்டால் இன்னொருவர் எடுத்துவிடுவார். அந்த நேரத்தில் விற்பவர் யார் என்று பாருங்கள். முன்னணியில் இருப்பவரிடம் கஞ்சத்தனமும் பின்தங்கியவரிடம் தாராளமும் காட்டுவதில் தப்பே இல்லை.

ஆறாம் படி: கையை ஆள்வது

ஒரே ஓவியரின் சீட்டு கையில் மூன்று, நாலு இருந்தால் அவரை உயர்த்த நீங்கள் ஆள் சேர்க்க வேண்டும். அவர் படத்தை மற்றவர்கள் கொஞ்சம் மலிவாக வாங்க விடுங்கள். வாங்கியவர்களுக்கும் அவர் மேலே வர வேண்டும் என்ற ஆசை வந்துவிடும், தங்கள் கையில் உள்ள அவர் சீட்டையும் போடுவார்கள். ஆனால் ஓர் ஓவியரின் நாலாவது படம் மேசையில் விழுந்துவிட்டது என்றால் உஷார். அடுத்து யார் வேண்டுமானாலும் ஐந்தாவதைப் போட்டுச் சுற்றை மூடிவிடலாம். அப்போது மற்ற ஓவியர்களை நம்பிக் காசைப் போட்டவர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சுற்றை மூடும் சீட்டுக்குக் காசு வராது. உங்கள் முன்னால் நல்ல படங்கள் குவிந்திருந்தால் மூடுங்கள். எதிரில் இருப்பவர் முன்னால் குவிந்திருந்தால் வேறு ஓவியரைப் போட்டு இழுத்தடியுங்கள்.

இரட்டைச் சீட்டைத் துணையில்லாமல் போடுவது எப்போது புத்திசாலித்தனம்? அந்த ஓவியரின் சீட்டு வேறு யாரிடமும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும்போது மட்டும்.

நாலாம் சுற்றுக்கு ஐந்து சீட்டாவது மிச்சம் வையுங்கள். கையில் சீட்டு தீர்ந்தவர் ஏலம் கேட்கலாம், விற்க முடியாது. விலைகள் உச்சத்தில் இருக்கும் கடைசிச் சுற்றில் விற்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய தண்டனை.

ஆடியவர்கள் சொல்லும் குறைகளில் எது நிஜம்?

"கணக்குப் பாடம்" என்ற குறை பாதி நிஜம். மேலே போட்டது போன்ற கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் 30 வரப்போகிறது என்பதே யூகம்தானே. யார் கையில் என்ன சீட்டு, யார் எதை உயர்த்த நினைக்கிறார் என்பதை முகம் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். கணக்கில் புலியாக இருப்பவர்கள் இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கலாம்.

"ஒருத்தர் தாறுமாறாகக் கேட்டால் ஆட்டமே கெட்டுவிடுகிறது" என்பது முழு நிஜம். அளவுக்கு மீறி விலை கொடுப்பவருக்குத் தற்செயலாக விற்கக் கிடைத்தவர் ஜெயித்துவிடுவார். இதற்கு விதியில் மருந்து இல்லை. முதல் சுற்று முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, யார் விற்று எவ்வளவு சம்பாதித்தார், வாங்கியவருக்கு நிகரமாக என்ன மிஞ்சியது என்று எல்லார் முன்னாலும் கூட்டிக்காட்டுங்கள். இரண்டாம் சுற்றில் கேட்கும் விலை தானாக இறங்கும். காசை மறைத்துத்தானே ஆட வேண்டும் என்று யாராவது சட்டம் பேசினால், இது பழகும் ஆட்டம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

"சீட்டு சரியாக வராவிட்டால் அவ்வளவுதான்" என்பதை நான் ஏற்பதில்லை. யாருக்கும் வேண்டாத ஓவியர்களின் சீட்டுகளே கை நிறைய வந்தாலும், அதில் ஓர் ஓவியரை நீங்கள் இருவர் சேர்ந்து உயர்த்த முடியும். அதற்குப் பக்கத்து ஆளிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுக்க வேண்டும். "மெலிம் இந்தச் சுற்றில் ஏறப்போகிறார் பாருங்கள்" என்று ஏலம் விடும்போதே அடித்துவிடலாம், பொய் சொல்லத் தடை இல்லை. இந்த வாய்ச்சவடால் இல்லாமல் வெறும் எண்களைச் சொல்லி ஆடும் கூட்டத்துக்கு ஆட்டம் வறண்டுதான் போகும். படத்தைத் தூக்கிக் காட்டி, "இந்த நீலத்தைப் பாருங்கள், இது வெறும் நீலமா?" என்று அளப்பவர் ஒருவர் இருந்தால் சிரிப்பிலேயே விலை ஐந்து ரூபாய் ஏறும்.

பெட்டியில் 45 நிமிடம் என்று போட்டிருந்தாலும் முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

ஏலமே பிடிக்காது, விலை கேட்கும்போதே நெஞ்சு படபடக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாமல், க்னீட்ஸியாவே இதிலிருந்து ஏலத்தை எடுத்துவிட்டுச் செய்த 'மாஸ்டர்ஸ் கேலரி'யைக் கொடுங்கள். வெர்மீர், வான் கோ, மோனே, டெகா, ரென்வா ஆகியோர் படங்கள். எந்த ஓவியர் மேலே வருவார் என்ற இழுபறி மட்டும் அதிலும் உண்டு, இரண்டு பேரும் ஆடலாம், சீக்கிரம் முடியும். மாடர்ன் ஆர்ட் பிடித்துப்போய் இன்னும் ஏலம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவருடைய 'ரா'வும் 'மெடிசி'யும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் முதலில் 'ரா'. அதில் ஏலம் கேட்பது காசை வைத்து இல்லை, கையில் உள்ள சில எண்ணிட்ட வில்லைகளை வைத்து. எவ்வளவு கேட்பது என்று திணறுபவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடே நிம்மதியாக இருக்கும்.